ரிவர்ஸ் விளக்கை மாற்றுமுன்

நகரத்தார்களுடைய ஒன்பது கோயில்களுள் ஒன்று அமைந்த இளையாத்தங்குடி, ஆண்டின் பெரும்பகுதி பூட்டிய வீடுகளும் அமைதியான தெருக்களுமாகக் கிடந்தாலும், ஒரு கல்யாணமோ சாந்தியோ வந்துவிட்டால், சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பங்காளிகள் வந்து கூட, சமையல் அண்டாக்களும் நாற்காலிகளும் பந்தல் சாமான்களும் இரவோடிரவாக வந்து இறங்கத் தொடங்கிவிடும். முன்பு மாட்டு வண்டிகள் செய்த இந்த வேலையை இப்போது "குட்டி யானை" எனப்படும் சிறு சரக்கு வண்டிகளும் பொலேரோ பிக்கப்புகளும் செய்கின்றன. செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டு வாசலுமாக நீண்டு கிடப்பவையாதலால், சமையற்கட்டுக்குச் சாமான் இறக்கவேண்டிய வண்டி, விளக்கில்லாத பின்தெருவில் நெடுந்தூரம் ரிவர்ஸிலேயே போகவேண்டியிருக்கிறது. தார்ப்பாய் போட்டுக் கட்டிய பாரம் பின்கண்ணாடியை மறைத்துவிட, பக்கக் கண்ணாடிகளையும் கிளீனரின் குரலையும் நம்பி வண்டியைப் பின்னே எடுக்கும் டிரைவர், கம்பெனி வைத்துக்கொடுத்த விளக்கு போதவில்லை, பிரகாசமான எல்.இ.டி. போடவேண்டும் என்று விரும்புவதில் தவறேதும் இல்லை. அதை எப்படிச் செய்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ரிவர்ஸ் விளக்குக்கு இரண்டு காரியங்கள் உண்டு. பின்னால் என்ன இருக்கிறது என்று டிரைவருக்குக் காட்டுவது ஒன்று; "இந்த வண்டி பின்னோக்கி வருகிறது, விலகிக்கொள்ளுங்கள்" என்று பிறருக்கு அறிவிப்பது மற்றொன்று. சாதாரணமாக இதில் இருக்கும் 21 வாட் பல்பு ஏறக்குறைய 460 லூமன் வெளிச்சம் தரும். வாகனத் தர நிர்ணயத்தில் உலகத்தார் பலரும் பின்பற்றும் ஐக்கிய நாடுகளின் 23-ஆவது விதி, இந்த விளக்கு நேர் பின்னோக்கிக் குறைந்தது 80 கேண்டெலா செறிவுடன் எரியவேண்டும் என்றும், கிடைமட்டத்திலும் அதற்கு மேலும் 300 கேண்டெலாவுக்கு மிஞ்சலாகாது என்றும் வரையறுக்கிறது. தரையை நோக்கிச் சாய்ந்து விழும் ஒளிக்கோ 8,000 வரையில் இடம் கொடுக்கிறது. தரைக்குத் தாராளமாகக் கொடு, மனிதர் கண்ணுக்கு மட்டும் கொடுக்காதே என்பதுதான் இதன் தாத்பரியம்.

கடையில் "அப்படியே கழற்றி மாட்டிக்கொள்ளலாம்" என்று விற்கப்படும் எல்.இ.டி. பல்புகளில் மலிவானவை இந்தக் கணக்கை மதிப்பதில்லை. பழைய பல்பின் இழை ஒரே புள்ளியிலிருந்து நாலாபுறமும் ஒளி வீசும். அந்தப் புள்ளியைக் கருதியே உள்ளிருக்கும் பிரதிபலிப்பானைச் செய்திருப்பார்கள். சில்லுகள் பக்கத்துக்கொன்றாக ஒட்டப்பட்ட எல்.இ.டி.யை அதே இடத்தில் மாட்டினால், வெளிச்சம் தரையில் பரவவேண்டிய இடத்தில் பரவாமல் கண்மட்டத்தில் சிதறுகிறது. நம் ஊரிலோ இன்னோர் உபத்திரவமும் சேர்ந்துகொள்கிறது. வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சை மெருகேற்றிக் கண்ணாடிபோல் ஆக்கியிருக்கும் சுவர்கள், அந்த வெளிச்சத்தை அப்படியே பக்கக் கண்ணாடிக்குத் திருப்பியனுப்பிவிடுகின்றன. டிரைவருக்குச் சுவர் பளிச்சென்று தெரியும். சுவரோரத்தில் குந்தியிருக்கும் பாட்டி தெரியமாட்டாள். பின்னால் நின்று "வா, வா, லெப்டு ஒடி" என்று கத்துகிற கிளீனர் கண்கூசிக் கையால் முகத்தை மறைத்துக்கொள்வான். அந்த ஒரு கணம் வண்டிக்குக் கண்ணே கிடையாது.

இதைவிட அபாயமானது, பம்பருக்கு அடியிலோ கூண்டின் உச்சியிலோ தனியாக ஃபோகஸ் லைட் இரண்டைப் பொருத்தி, டேஷ்போர்டில் அதற்கென்று ஒரு தனி சுவிட்சும் வைத்துக்கொள்ளும் வழக்கம். ரிவர்ஸ் கியர் விழுந்தால் எரிந்து, கியர் மாறினால் தானே அணையவேண்டிய விளக்கை, டிரைவரின் ஞாபகத்துக்கு விட்டுவிடுகிற ஏற்பாடு இது. சாமானை இறக்கிவிட்டு அலுப்போடு கிளம்பியவர் அணைக்க மறந்தால், கீழச்சிவல்பட்டிச் சாலையில் அவருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவனுக்கு, எதிரே ஒரு வண்டி தன்மேல் வருவதாகவே தோன்றும். பின்னால் வரும் வண்டிக்காரன் ஹைபீம் போட்டால் பழிக்குப் பழியாக இதைத் தட்டிவிடுகிற டிரைவர்களும் இருக்கிறார்கள். அதை வீரம் என்று கருதுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை, சட்டம்தான் சொல்லவேண்டும்.

சட்டம் தெளிவாகவே சொல்லுகிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 108-ஆவது விதியின்படி, வண்டியின் பின்புறம் சிவப்பைத் தவிர வேறு வெளிச்சம் காட்டலாகாது. அதற்குச் சொல்லப்பட்ட சில விலக்குகளில் ஒன்று, பின்னோக்கிச் செல்லும்போது பயன்படும் வெள்ளை விளக்கு. ஆகவே முன்னோக்கி ஓடும்போது பின்னால் எரியும் வெள்ளை ஃபோகஸ், எத்தனை வாட்டாயினும், விதி மீறலே. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் மாற்றியமைக்கப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியில்லாத முறையில் வண்டியை மாற்றுகிற உரிமையாளருக்கு ஆறு மாதம் வரையில் சிறைவாசமோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடந்தருகிறது. சுவிட்சைப் போட்டது டிரைவராயிருந்தாலும், இந்தப் பிரிவு பேசுவது உரிமையாளரைப் பற்றி என்பதைக் கவனிக்கவேண்டும். சரக்கு வண்டி எட்டு வயது வரையில் இரண்டு வருஷத்துக்கொரு முறையும் அதன்பின் வருஷந்தோறும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்குப் போகவேண்டியிருப்பதால், பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னிலையில் இவற்றையெல்லாம் கழற்றி, திரும்பி வந்ததும் மாட்டிக்கொள்ளும் நாடகமும் நடக்கிறது. கழற்றி மாட்டிய வயர்களில் இன்சுலேஷன் டேப் நழுவி ஷார்ட் ஆவதும் பெரும்பாலும் அப்போதுதான். அப்படி வயரிங் கருகினால், கம்பெனி வாரண்டி தர மறுக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனியும் தெரிவிக்காத மாற்றத்தைச் சுட்டி வழக்காட இடமுண்டு.

அப்படியானால் இருட்டிலேயே கிடப்பதா? வேண்டியதில்லை. முதலில் இருக்கிற விளக்கின் மூடியைக் கழற்றிக் கழுவுங்கள். செம்மண் புழுதியும் மஞ்சள் பிடித்த பிளாஸ்டிக்கும் தின்றுவிடுகிற வெளிச்சம் கொஞ்சமல்ல. எர்த் வயரின் துருவைச் சுரண்டுங்கள். அதற்கு மேலும் வேண்டுமானால், அந்த மாடலுக்கென்று தயாரிப்பாளரே கொடுக்கும் எல்.இ.டி. விளக்குத் தொகுதி இருக்கிறதா என்று கேட்டு, அதையே முழுதாக மாற்றுங்கள். எது போட்டாலும் ரிவர்ஸ் கியரோடு மட்டும் எரியவேண்டும், ஒளி தரைக்குச் சாயவேண்டும், பியூஸ் இருக்கவேண்டும். 21 வாட் பல்புகள் இரண்டு எடுப்பது மூன்றரை ஆம்பியர். அதே வயரில் 18 வாட் ஃபோகஸ் இரண்டை ஒட்டுப்போட்டால் ஆறரையாகிவிடும். மெல்லிய வயர் அதைச் சுமக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.

வாங்கிய விளக்கு சில வாரங்களிலேயே அணைந்தாலும், வயரை எரித்தாலும், வாங்கியவனுக்குப் பரிகாரம் உண்டு. பில் கொடாமலிருப்பதும், பழுதான சரக்கைக் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிடில் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வாணிபம். "விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைக் கண்டு மலைக்கவேண்டியதில்லை. பிக்கப் வாடகைக்கு ஓடுவதால் நீ நுகர்வோரே அல்ல என்று கடைக்காரர் வாதிப்பார். ஆனால் சுயதொழிலாகத் தன் ஜீவனத்துக்கென்று பயன்படுத்துகிறவனை அச்சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. மதுரையில் வாங்கியிருந்தாலும், இணையத்தில் வரவழைத்திருந்தாலும், குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்யலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டால் கட்டணமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பார்ப்பது நல்லது. பழுதான பல்பையும் பில்லையும் மட்டும் தூர எறிந்துவிடாதீர்கள்.

விசேஷம் வைத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. முகப்பில் சீரியல் பல்புத் தோரணம் கட்டுகிறவர்கள், சாமான் இறங்கும் இரவில் பின்கட்டு வாசலிலும் ஒரு விளக்கைப் போட்டு, பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள்.