தேன் எப்போது கெடுகிறது?

அலமாரியில் வைத்த ரொட்டித் துண்டில் சில நாட்களிலேயே பூசணம் பூத்துவிடுகிறது. அதே அலமாரியில் மாதக்கணக்கில் இருக்கும் தேனோ கெடுவதில்லை. காற்றில் மிதக்கும் பூசண வித்துகள் தேனிலும் விழுகின்றன. மலர்களிலிருந்து ஈஸ்ட்டும் வந்து சேர்கிறது. பின் ஏன் அவை அங்கே வளர்வதில்லை?

மலரின் மதுவில் பெரும்பகுதி நீர்தான். தேனீக்கள் சிறகுகளால் விசிறி அந்நீரை ஆவியாக்குகின்றன. அது சுமார் 18 சதவீதமாகக் குறைந்த பின்னரே அறைகளை மெழுகால் மூடுகின்றன. எஞ்சியிருப்பது பெரும்பாலும் சர்க்கரையே.

ஊறுகாய்க்கு நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவினால் அது நீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். இதுவே சவ்வூடு பரவல். தேனில் விழுந்த நுண்ணுயிரின் உடலிலிருந்தும் நீர் இவ்வாறே வெளியேறுகிறது. அது மடியும், அல்லது செயலற்று உறங்கும்.

ஓர் உணவில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு நுண்ணுயிருக்குக் கிடைக்கும் என்பதே முக்கியம். இதை அளக்க இயற்பியல் ஒரு வழி சொல்கிறது. உணவிலுள்ள நீரின் ஆவியழுத்தத்தை, அதே வெப்பநிலையில் தூய நீரின் ஆவியழுத்தத்தால் வகுக்க வேண்டும். தூய நீருக்கு இந்த எண் 1. பெரும்பாலான பாக்டீரியாக்களுக்குக் குறைந்தது 0.9 தேவை, பெரும்பாலான பூசணங்களுக்கு 0.8. சர்க்கரைச் செறிவைத் தாங்கும் சில ஈஸ்ட்டுகள் மட்டும் 0.6 வரை தாக்குப்பிடிக்கும். தேனின் எண்ணும் ஏறக்குறைய 0.6தான்! ஆகவே தேன் எல்லைக்கோட்டில் நிற்கிறது.

காற்றின் ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் தேன் காற்றிலிருந்து நீரை உறிஞ்சும் என்பதும் இதிலிருந்து விளங்கும். மழை நாளொன்றில் ஒரு தட்டில் சிறிது தேனை ஊற்றி, ஆய்வகத் தராசில் நிறுத்துப் பாருங்கள். மறுநாள் மீண்டும் நிறுங்கள். எடை கூடியிருக்கும்.

இப்படி நீர் கூடினால் உறங்கிய ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். தேனில் நுரை பொங்கும். புளித்த வாடை வீசும். கனடாவில் லாக்ஹெட் என்பவர் 1933-இல் இதை ஆராய்ந்தார். நீர் சுமார் 17 சதவீதத்திற்குக் குறைவாக இருந்தால், ஈஸ்ட் எவ்வளவு இருந்தாலும் தேன் ஓராண்டு வரை நொதிப்பதில்லை என்று கண்டார்.

தேன் உறைவதைக் கண்டு, சர்க்கரைப்பாகு கலந்தது என்று பலர் எண்ணுகின்றனர். உறைவது தூய தேனின் இயல்பே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளுக்கோஸ் படிகமாகும்போது எடையில் சுமார் 9 சதவீதம் நீரைத்தான் தன்னுடன் சேர்த்துக்கொள்கிறது. அதனால் மிச்சமுள்ள திரவத்தில் நீரின் விகிதம் உயர்கிறது. நொதித்தல் அங்கேதான் தொடங்கும். புட்டியை வெந்நீரில் வைத்து, படிகங்கள் கரைந்ததும் நன்றாகக் கலக்கிவிட்டால் நீர் சமமாகப் பரவிவிடும்.

எனவே ஈரக் கரண்டியைத் தேனில் விடக்கூடாது. புட்டியை இறுக மூடி வைக்க வேண்டும். மேலே பூசணம் தெரிந்தால் அதை மட்டும் வழித்தெடுத்துவிட்டுப் பயன்படுத்தலாகாது. சில பூசணங்கள் கண்ணுக்குத் தெரியாத நஞ்சையும் உண்டாக்குகின்றன.

கெடாத தேன் எல்லாருக்கும் ஏற்றது என்றும் கருதிவிடக்கூடாது. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் சில வேளைகளில் தேனில் இருக்கும். தேனில் அவை முளைப்பதில்லை. பெரியவர்களின் குடலிலும் பொதுவாக முளைப்பதில்லை. ஆனால் பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கக்கூடும். இந்நோய் 1976-இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. மலச்சிக்கல், பால் குடிக்கத் திணறல், மெலிந்த அழுகுரல், துவண்ட உடல் ஆகியவை இதன் அறிகுறிகள். வீட்டு அடுப்பில் காய்ச்சுவதால் இவ்வித்துகள் அழிவதில்லை.

பிறந்த குழந்தையின் நாவில் தேனைத் தொட்டு வைக்கும் வழக்கம் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. ஒரு வயது நிறையும்வரை குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூட வேண்டாம். இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் காரணத்தோடு எடுத்துச் சொல்லுங்கள்.