வேலிக்கும் காவல் வேண்டும்!

உழைத்து உழைத்து ஓடாய்த் தேய்ந்தவன், முதுமையிலே பிறரிடம் கையேந்தாமல் வாழவேண்டும் என்பதற்காக ஏற்பட்டதுதான் ஓய்வூதியம். அது பிச்சையன்று, பெரிய மனிதர் காட்டும் கருணையுமன்று. இளமையிலே சிந்திய வியர்வைக்கு முதுமையிலே கிடைக்கும் கூலி! அந்தக் கூலியை முதலாளி தராமற்போனால் நான் தருகிறேன் என்று ஒரு சர்க்காரே உறுதி கூறுமானால், அது பாட்டாளிக்கு நல்ல செய்திதான். ஆனால், உறுதி கூறிய சர்க்கார் நிறுவனத்தின் கணக்கை யார் பார்ப்பது? அதன் கையிலே இருப்பதும் ஏழையின் பணந்தானே! இதற்கு அமெரிக்க நாட்டின் அனுபவம் நல்ல பாடம் புகட்டுகிறது.

1963 டிசம்பரில், இண்டியானா மாநிலத்துச் சவுத் பெண்டு நகரிலே, ஸ்டூடிபேக்கர் மோட்டார் கம்பெனி தன் தொழிற்சாலையின் கதவை மூடிற்று. பென்ஷன் நிதியைத் திறந்து பார்த்தால், போதிய பணம் இல்லை! 60 வயதை எட்டியவர்களுக்கு முழுத் தொகை கிடைத்தது. அதற்குக் கீழே, 40 வயதைத் தாண்டியவர்கள் நாலாயிரம் பேருக்கு மேல். அவர்களிலே இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடுபட்டவர்கள் பலர். அவர்களுக்குக் கிடைத்தது, சேரவேண்டியதிலே 100-க்கு 15 பங்கு! அவர்களிலும் இளையவர்களுக்கோ ஒரு காசும் இல்லை. கம்பெனி எழுதித் தந்த வாக்குறுதி, காற்றிலே பறந்தது.

அந்த அநீதி எழுப்பிய குரல் அடங்கவில்லை. 1974-ல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்கீழ், ஓய்வூதியத்தைக் காப்பீடு செய்யும் உத்தரவாதக் கழகம் ஒன்றைச் சர்க்கார் நிறுவிற்று. பென்ஷன் திட்டம் நடத்தும் கம்பெனிகள் ஆண்டுதோறும் பிரீமியம் கட்டவேண்டும். கம்பெனி நொடித்துப் போனால், சட்டம் வகுத்த உச்சவரம்பு வரையிலே கழகம் பென்ஷன் கொடுக்கும். தொழிலாளர், நிதி, வர்த்தகம் ஆகிய மூன்று இலாக்காக்களின் அமைச்சர்கள் அதன் இயக்குநர் குழு. மூன்று கோடிக்கும் மேற்பட்டோரின் முதுமை இன்று அதை நம்பி நிற்கிறது.

பயிருக்கு வேலி போட்டாயிற்று. வேலியே பயிரை மேய்ந்தால்? அல்லது மேயாவிட்டாலும், ஓட்டை விழுந்து கிடந்தால்? இதற்காகவே, 1988-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, மறு ஆண்டிலே அக்கழகத்துக்குத் தனித் தலைமைத் தணிக்கை அதிகாரி ஒருவர் ஏற்பட்டார். கழகத்தின் வரவு செலவை வெளிக் கணக்காளர்களைக் கொண்டு ஆண்டுதோறும் சோதிப்பது அவர் மேற்பார்வையிலே நடக்கிறது. ஆண்டுக்கு இருமுறை அவருடைய அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போகிறது. கழக நிர்வாகி அதை மூடி வைக்க முடியாது.

இதனால் கண்ட பலன் என்ன? மூன்று நிகழ்ச்சிகளைப் பார்ப்போம்.

2008-ல், கழகத்தின் பணத்திலே 250 கோடி டாலரை முதலீடு செய்யும் பொறுப்பு மூன்று பெரிய நிதிக் கம்பெனிகளுக்குத் தரப்பட்டது. டெண்டர் நடந்துகொண்டிருக்கும்போதே, கழகத்தின் அப்போதைய தலைமை நிர்வாகி, போட்டியிட்ட கம்பெனிகளோடு தொடர்பு வைத்திருந்தார் என்று 2009 மே மாதத்திலே தணிக்கை அறிக்கை எடுத்துக் காட்டிற்று. இரண்டே மாதத்தில் ஒப்பந்தங்கள் ரத்தாயின!

யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானக் கம்பெனி 2005-ல் தன் பென்ஷன் பொறுப்பைக் கைகழுவியது. ஒரு லட்சத்து இருபதாயிரம் பேருடைய கணக்கு கழகத்தின் தலையிலே வந்து விழுந்தது. நிதியிலே எவ்வளவு சொத்து மிஞ்சியிருக்கிறது என்று மதிப்பிடும் வேலையைக் கழகம் காண்டிராக்டருக்கு விட்டது. உச்சவரம்புக்கு மேல் சிலருக்குக் கிடைக்கவேண்டிய தொகை அந்த மதிப்பீட்டைப் பொறுத்தது. அந்த வேலை படுமோசமாக நடந்திருக்கிறது என்று 2011-ல் தணிக்கை அதிகாரி அறிவித்தார். கழகம் கணக்கை மீண்டும் போட நேர்ந்தது.

மூன்றாவதோ, விந்தையிலும் விந்தை! நலிந்துபோன கூட்டுப் பென்ஷன் நிதிகளைத் தூக்கிநிறுத்த, 2021-ல் பொதுக் கருவூலத்திலிருந்தே பணம் தரச் சட்டம் வந்தது. லாரித் தொழிலாளர்களின் பெரிய நிதியொன்றுக்கு 3,580 கோடி டாலர் அளிக்கப்பட்டது. தலைகளை எண்ணிப் போட்ட அந்தக் கணக்கிலே, 3,479 பேர் ஏற்கெனவே மாண்டவர்கள் என்று 2023 நவம்பரில் தணிக்கை அலுவலகம் வெளியிட்டது! சர்க்காரிடமே இருந்த முழு மரணப் பதிவோடு கழகம் பட்டியலை ஒத்துப் பார்க்கவில்லை. அதனாலே கூடுதலாய்ப் போன தொகை 12 கோடியே 70 லட்சம் டாலர். 2024 ஏப்ரலில் அதைத் திருப்பித் தர அந்த நிதி ஒப்புக்கொண்டது.

"எதற்கெடுத்தாலும் சந்தேகப்பட்டால் அதிகாரிகள் எப்படி வேலை செய்வார்கள்? காலதாமதம் ஆகாதா? செலவு ஏறாதா?" என்று கேட்போர் உண்டு. செலவு ஏறும், மறுக்கவில்லை. ஆனால், தணிக்கை இல்லாததால் ஏறும் செலவை யார் தலையிலே கட்டுவது? தோளிலே துண்டைப் போட்டுக்கொண்டு பென்ஷனுக்காகக் காத்து நிற்கும் கிழவன் தலையிலா? நேர்மையான அதிகாரிக்குத் தணிக்கை விலங்கன்று, கவசம்!

தணிக்கை அதிகாரியின் கையிலே தடியில்லை. ஆணையிட அவரால் முடியாது, பரிந்துரைக்கத்தான் முடியும். அவருடைய ஒரே ஆயுதம், அஞ்சாமல் உண்மையை வெளியிடும் உரிமை. அந்த உரிமை நிலைக்கவேண்டுமானால், அவர் நாற்காலி ஆடக்கூடாது. 2012-ல் வந்த சட்டம், அவர் நேரே இயக்குநர் குழுவிடமே அறிக்கை தரவேண்டும் என்று வகுத்தது நல்லது. ஆனால், 2025 ஜனவரியில் நடந்தது என்ன? பல இலாக்காக்களின் தலைமைத் தணிக்கை அதிகாரிகள் ஏறத்தாழ 17 பேரை, நாடாளுமன்றத்துக்கு 30 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும் என்ற சட்டத்தையும் பாராமல், ஜனாதிபதி டிரம்ப் ஒரே இரவில் வீட்டுக்கு அனுப்பினார்! மற்ற இலாக்காக்களிலே நடந்ததுதானே என்று பென்ஷன்காரர் நிம்மதியாய் உறங்க முடியுமா? இன்று அங்கே விழுந்த அடி, நாளை இங்கே விழாதா?

உத்தரவாதம் என்று தாளிலே அச்சடித்தால் போதாது. அந்தத் தாளுக்குப் பின்னே பணம் இருக்கவேண்டும். அந்தப் பணத்துக்குப் பின்னே கணக்கு இருக்கவேண்டும். அந்தக் கணக்கைப் பார்க்க, எவருக்கும் தலை வணங்காத ஒருவர் இருக்கவேண்டும். இந்த மூன்றிலே ஒன்று குறைந்தாலும், சவுத் பெண்டு நகரத்துத் தொழிலாளியின் கதை மறுபடியும் நடக்கும். அன்று ஏமாற்றியது கம்பெனி. நாளை ஏமாற்றுவது சர்க்காராக இருக்கும். ஏமாறுகிறவன் மட்டும் அதே பாட்டாளிதான்!