கடைசி வரிசையில் நிற்பவர்கள்
(வானொலியில் வழங்கிய மறையுரையின் எழுத்து வடிவம்)



நற்செய்தி அறிவிப்பு என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஒலிபெருக்கியும் துண்டுப் பிரசுரமும்தான். பேச்சிலிருந்து தொடங்குவதே நமக்குப் பழக்கம். நடைமுறை இறையியல் அதற்கு முன்னாலிருந்தே தொடங்கச் சொல்கிறது. மக்களின் வாழ்வைப் பார். அங்கே எழும் கேள்வியை இறைவார்த்தையிடம் கொண்டுபோ. கிடைத்த ஒளியோடு அதே மக்களிடம் திரும்பி வா. பெல்ஜிய நாட்டுக் குரு யோசேப்பு கார்டைன், 1925-இல் தொடங்கிய இளம் தொழிலாளர் இயக்கத்தில் இதைத்தான் பார், சீர்தூக்கு, செயல்படு என்று கற்பித்தார். 1961-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் தம் சமூகச் சுற்றுமடலில் இம்முறையைத் திருச்சபை முழுவதற்கும் பரிந்துரைத்தார்.

அந்தப் பெயரெல்லாம் வருவதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே அதே நாட்டைச் சேர்ந்த இன்னொருவர் இதை நம் நாட்டில் செய்திருந்தார். இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் 1885-இல் சோட்டா நாக்பூருக்கு வந்தார். இன்றைய ஜார்க்கண்ட் பகுதி அது. முண்டா, ஒராவோன் பழங்குடியினர் தங்கள் முன்னோர் திருத்திய நிலத்தை ஜமீன்தார்களிடம் இழந்து, கூலியில்லா வேலைக்கும் இழுக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். லீவன்ஸ் அவர்களுடைய மொழியையும் நில வழக்கங்களையும் படித்தார்; அன்றைய குத்தகைச் சட்டத்தையும் கற்றார்; வழக்குகளில் அவர்களுக்கு வழிகாட்டினார். பல்லாயிரம் பேர் திருமுழுக்குப் பெற்றனர். காசநோய் பற்றிய உடலோடு நாடு திரும்பி, 1893-இல் இறந்தார்.

வழக்கில் உதவி கிடைக்கும் என்றுதான் மக்கள் வந்தார்கள் என்ற குறையும் சொல்லப்படுவதுண்டு. அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது என்பதே நம் எண்ணம். உதவி தூண்டிலாக மாறினால் அது நற்செய்தி அல்ல. ஆனால், பறிபோகும் நிலத்தைப் பார்த்தும் பாராததுபோல மறைக்கல்வி மட்டும் நடத்தியிருந்தால், அதை நற்செய்தி என்று யார் நம்பியிருப்பார்கள்?

இவ்வளவு தொலைவு போய்ப் பேசக் காரணம் உண்டு. அந்த மக்களின் வழிவந்தவர்கள் இன்று நம் ஊர்களில் கட்டடம் கட்டுகிறார்கள், பின்னலாடை ஆலைகளில் உழைக்கிறார்கள். ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில், மொழி புரியாமல், முழந்தாளிடும் நேரத்தில் மட்டும் தவறாமல் முழந்தாளிடும் இளைஞர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒராவோன் மக்களின் குடுக் மொழி திராவிட மொழிதான். நம் தமிழுக்கு உறவு. நம் பங்கின் குடும்ப அட்டையிலோ அவர்களுக்கு இடமில்லை. சந்தா கட்டும் குடும்பங்களை வைத்துத்தானே அன்பியப் பட்டியல் எழுதுகிறோம்!

இப்படிப் பார்த்ததும் பழைய துணிகளை மூட்டை கட்டத் தோன்றும். நடுவில் உள்ள படியைத் தாண்டுவது அங்கேதான். எம்மாவு வழியில் இயேசு மறைநூலை விளக்கினார் என்பது நமக்கு மனப்பாடம். அதற்கு முன் என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டு, அவர்கள் துயரத்தை முழுதும் சொல்லவிட்டார். லேவியர் நூல் 19-ஆம் அதிகாரமோ அந்நியரை நம்முள் பிறந்தவர்போல் நடத்தச் சொல்கிறது. இஸ்ரயேலரும் எகிப்தில் அந்நியராய் இருந்தார்கள் என்பதே அதற்குக் காரணம். கொழும்பிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் பிழைக்கப் போன குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! அங்கே ஒரு தமிழ்த் திருப்பலிக்காக ஏங்கியவர்களிடம் கேட்டுப்பாருங்கள். அதன்பின் துணிமூட்டைதான் தேவையா என்பது தானே விளங்கும்.

ஆகவே இம்மாத அன்பியக் கூட்டத்தில் செபமாலைக்குப் பின் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வோம்: நம் தெருவில் தங்கியிருக்கும் வெளிமாநிலத்தார் யார், அவர்களில் கத்தோலிக்கர் எத்தனை பேர், சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கிறதா, நோய் வந்தால் யாரிடம் போகிறார்கள்? இந்தி தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு இரண்டிரண்டு பேராகச் சென்று வாருங்கள். முதல் சந்திப்பில் எதையும் கொடுக்க வேண்டாம். பெயரையும் சொந்தப் பங்கின் பெயரையும் கேட்டு எழுதி வாருங்கள். இந்தியில் வாசகம் படிக்க அவர்களில் ஒருவர் முன்வந்தால், அடுத்த மாதம் ஒரு ஞாயிறு இரண்டாம் வாசகத்தை அவரிடம் கொடுத்துவிடலாம்.