வாங்குபவருக்கே போட்டியாகலாமா?

நமது மொத்த வியாபாரிகள் பலர் மனதிலும் இன்று ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. "கடைக்காரருக்குக் கொடுக்கும் சரக்கை நாமே சில்லறையில் விற்றால் அந்த லாபமும் நமக்குத்தானே?" என்பதே அது. இதே கணக்கைப் போட்ட ஓர் அமெரிக்கக் கம்பெனியின் கதையை உறுப்பினர்கள் அறிவது நல்லது. அவர்கள் விற்றது கம்ப்யூட்டர் திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் சிப். சரக்குதான் வேறே தவிர வியாபார முறை நம்முடையதே.

அந்தத் தொழிலில் சிப்பை வடிவமைப்பவர் ஒருவர். அதை ஆலையில் செய்து கொடுப்பவர் வேறொருவர். 1987-ல் தைவானில் தொடங்கிய டிஎஸ்எம்சி, பிறருக்குச் செய்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஆலை. சிப்பை வாங்கி, மெமரியுடன் கார்டில் பொருத்தி, தன் மார்க்கில் கடைகளுக்கு அனுப்புபவர் மூன்றாமவர்.

1994-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய த்ரீடிஎப்எக்ஸ் முதல் வகையைச் சேர்ந்தது. 1996-ல் வந்த அதன் 'வூடூ' சிப், விளையாட்டுப் பிரியர்களிடம் பெரும் பெயர் பெற்றது. டயமண்ட், கிரியேட்டிவ் போன்ற கார்டு தயாரிப்பாளர்கள் அதை வாங்கித் தங்கள் செலவில் விளம்பரம் செய்து விற்றார்கள்.

1998 டிசம்பரில் த்ரீடிஎப்எக்ஸ் ஒரு முடிவெடுத்தது. டெக்சாஸிலிருந்த எஸ்டிபி என்ற கார்டு கம்பெனியை, மெக்சிகோவிலிருந்த அதன் தொழிற்சாலையோடு சேர்த்து வாங்குவதாக அறிவித்தது. மதிப்பு 14 கோடியே 10 லட்சம் டாலர், பங்குகளாகக் கொடுக்கப்பட்டது. 1999 மே மாதம் இணைப்பு முடிந்தது. முதலீட்டாளருக்குச் சொன்ன கணக்கு எளிது. சிப் லாபமும் கார்டு லாபமும் ஒரே கல்லாவில் விழும். காகிதத்தில் இதில் குறை காண முடியாது.

ஆனால் நேற்றுவரை சரக்கு எடுத்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. அவர்களுக்கு வேறு இடம் இருந்தது. 1993-ல் தொடங்கிய என்விடியா, கார்டு செய்யாமல் எல்லோருக்கும் சிப் மட்டும் விற்றுவந்தது. கிரியேட்டிவ் போன்றவர்கள் என்விடியா சிப் பொருத்திய கார்டுகளை முன்னிறுத்தினார்கள். எஸ்டிபியும் முன்பு என்விடியாவின் பெரிய வாடிக்கையாளர்தான். அந்த ஒருவரை இழந்த என்விடியாவிடம் பலர் வந்து சேர்ந்தார்கள்.

அத்துடன் தொழிற்சாலைச் செலவும் தேங்கிய கார்டுகளின் நஷ்டமும் த்ரீடிஎப்எக்ஸ் தலையில் விழுந்தன. என்விடியா ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு புதுச் சரக்கு இறக்க, இவர்களுடைய அடுத்த சிப் 2000-ஆம் ஆண்டின் நடுவில்தான் வந்தது. இத்தொழிலில் பழைய சரக்கு தக்காளியைப் போல; நாளாக ஆக விலை போகாது. 2000 டிசம்பரில் த்ரீடிஎப்எக்ஸ் தன் முக்கியச் சொத்துக்களை அதே என்விடியாவுக்கு விற்க ஒப்புக்கொண்டது. விலை 7 கோடி டாலரும் 10 லட்சம் பங்குகளும். 2002 அக்டோபரில் திவால் மனு. 1999-ல் டயமண்டை வாங்கிய எஸ்3 என்ற சிப் கம்பெனியும், பெயர் மாறி, 2003-ல் திவாலுக்கே வந்தது.

நேரடி விற்பனையே தவறு என்று நான் சொல்லவில்லை. கனடாவின் ஏடிஐ பெரும்பாலும் தன் கார்டுகளைத் தானே செய்து வளர்ந்து, பின்னரே பிறருக்கும் சிப் கொடுத்தது. 2006-ல் ஏஎம்டி அதைச் சுமார் 540 கோடி டாலருக்கு வாங்கியது. என்விடியாவும் 2016 முதல் 'ஃபவுண்டர்ஸ் எடிஷன்' என்று தன் பெயரில் கார்டு விற்கிறது. 2022-ல் ஈவிஜிஏ என்ற பெரிய கார்டு கம்பெனி வெளியேறியும் மற்றவர்கள் தொடர்கிறார்கள். அதற்கு ஈடான சரக்கு வேறிடத்தில் எளிதில் கிடைப்பதில்லை.

நமது சரக்கு அப்படிப்பட்டதா? பருப்பும் சர்க்கரையும் அடுத்த மண்டியிலும் கிடைக்கும். ஆகவே சில்லறையில் இறங்க நினைப்பவர் முதலில் பேரேட்டைப் பார்க்க வேண்டும். ஆண்டு விற்பனையில் எத்தனை பங்கு கடைக்காரர்கள் மூலம் வருகிறது? அவர்களிடம் நிலுவை எவ்வளவு? மனம் கசந்து போகிறவர் பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போவது அரிது. இவ்வளவும் பார்த்த பிறகும் கடை திறப்பதென்றால், அவர்கள் இல்லாத ஊரில் திறக்கலாம். அல்லது அவர்கள் விற்காத சரக்கை விற்கலாம். நம்மிடம் எடுப்பவரின் கடைக்கு எதிரே மட்டும் வேண்டாம்.