விண்வெளியில் எலும்பைக் காக்கும் உணவு

மனிதனின் எலும்பு ஒருமுறை கட்டி முடிக்கப்பட்ட சுவரைப் போன்றதன்று. பழைய பகுதியைக் கரைக்கும் உயிரணுக்களும் புதிய பகுதியை ஆக்கும் உயிரணுக்களும் அதில் இடைவிடாது தொழிற்படுகின்றன. உடலின் பாரத்தைத் தாங்குவதே ஆக்கத்திற்குத் தூண்டுதலாகும். விண்வெளியில் மிதப்போருக்கு இப்பாரம் இல்லை. எனவே, தக்க பாதுகாப்பு இல்லையேல், இடுப்பெலும்பின் தாதுப்பொருள் மாதந்தோறும் சுமார் 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைந்துவிடுகிறது.

சுண்ணாம்புச் சத்தை மிகுதியாக உண்டால் இக்குறை நீங்காதா என்ற வினா எழலாம். நீங்காது. எலும்பு கரைந்து இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து சேர்வதால், உணவிலிருந்து அதனைக் குடல் ஈர்ப்பது குறைகிறது. ருஷ்யாவின் மீர் நிலையத்தில் தங்கியோரிடம் இக்குறைவு அளந்தறியப்பட்டது. மேலும், சிறுநீர் வழியே அச்சத்து மிகுதியாக வெளியேறுவதால் சிறுநீரகக் கல் தோன்றும் அபாயமும் உண்டு.

உணவில் கவனிக்க வேண்டியவை

முதலாவது, உடலுக்கு வேண்டிய அளவு உண்ணுதல். இரண்டாவது, வைட்டமின் டி. கலத்தினுள் வெயில் தோலில் படாமையால், சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ளோருக்கு நாள்தோறும் 800 அலகு அளிக்கப்படுகிறது. மூன்றாவது, உப்பைக் குறைத்தல். உப்பு மிகுந்தால் சிறுநீரில் சுண்ணாம்புச் சத்தின் இழப்பும் மிகும். மீனை மிகுதியாக உண்ட விண்வெளி வீரர்களுக்கு எலும்பிழப்பு குறைவாயிருந்ததும் காணப்பட்டுள்ளது.

குடலின் பங்கு

தானியம், பருப்பு, காய்கறி ஆகியவற்றின் நார்ப்பொருளில் ஒரு பகுதியைப் பெருங்குடலிலுள்ள நுண்ணுயிர்கள் புளிக்கச் செய்கின்றன. அப்போது உண்டாகும் அமிலங்கள் சுண்ணாம்புச் சத்து கரைந்து உட்செல்ல உதவுகின்றன. 2015–16-இல் 340 நாட்கள் விண்வெளியில் இருந்த ஸ்காட் கெல்லியின் குடல் நுண்ணுயிர்களின் விகிதம் அங்கு மாறியது. பூமிக்குத் திரும்பியபின் பெரும்பாலும் பழைய நிலையை எய்தியது. விண்வெளிக்கு அனுப்பப்பட்ட சுண்டெலிகளில் நுண்ணுயிர் மாற்றமும் எலும்பிழப்பும் தொடர்புற்றிருந்ததாக 2023-இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. ஆயினும், இதனைக் கொண்டே மனிதருக்கு மருந்து கண்டாயிற்று எனக் கொள்ளலாகாது.

உழைப்பும் உணவும்

கடும் பளுப் பயிற்சி செய்து, போதிய உணவும் வைட்டமின் டி-யும் பெற்ற வீரர்கள் தம் எலும்பின் அடர்த்தியைப் பெரும்பாலும் காத்துக்கொண்டனர் என்பது 2012-இல் வெளியான ஆய்வின் முடிவாகும். இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

இவ்வுண்மை பூமிக்கும் பொருந்தும். நோயால் நெடுநாள் படுத்திருப்போருக்கும் பாரமின்மையால் எலும்பு தேய்கிறது. ஆதலால், சத்துணவோடு, மருத்துவர் இசையும் அளவில் அவர்களை எழுந்து நிற்கவும் நடக்கவும் செய்தல் இன்றியமையாதது. கிராமங்களில் பணிபுரிவோரும் ஆசிரியர்களும் இதனை மக்களுக்கு எடுத்துரைத்தல் நலம்.