மெய்ப்புக் கோப்பு சுருங்கட்டும், புள்ளி மறையாமல்!

பள்ளி ஆண்டு மலர் அச்சேறும் முன் அச்சகத்திலிருந்து மெய்ப்பு வரும். விழுப்புரத்திலோ புதுச்சேரியிலோ அச்சடிக்கும் கண்டமங்கலம் பகுதிப் பள்ளிகளுக்கு அதைக் கைப்பேசியிலேயே பார்ப்பது எளிது. ஆனால் வண்ணப்படங்கள் நிறைந்த மலரின் கோப்பு பெரியது. ஜிமெயிலில் 25 எம்.பி.க்கு மேல் இணைக்க முடியாது. கோப்பு திறக்கவில்லை என்றால் திருத்தமும் நடக்காது. மாணவி ஒருவரின் பெயர் பிழையோடு அச்சாகி, அவர் வீட்டில் பல ஆண்டுகள் இருக்கும்.

கோப்பு ஏன் பெரிதாகிறது?

அச்சுப் படங்களுக்கு ஓர் அங்குலத்திற்கு 300 பிக்சல் என்பது வழக்கம். ஏ4 பக்கம் முழுவதும் ஒரே படம் என்றால் 2480 × 3508, அதாவது ஏறத்தாழ 87 இலட்சம் பிக்சல்கள். நான்கு வண்ண அச்சுக்குப் பிக்சலுக்கு 4 பைட் வீதம், சுருக்காத நிலையில் சுமார் 35 எம்.பி. ஆகிறது. திரையில் பார்த்துத் திருத்த 150 பிக்சல் போதும். நீளமும் அகலமும் பாதியானால் பரப்பு காற்பங்காகும். கோப்பும் 9 எம்.பி.க்குள் அடங்கும். பரப்பளவுப் பாடத்திற்கும் இது நல்ல எடுத்துக்காட்டு.

ஜேபெக் முறை இதை மேலும் குறைக்கிறது. படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்மாற்றங்களை விட்டுவிடுகிறது. இதற்கு அடிப்படையான கணித முறையை 1974இல் வெளியிட்டவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ் ஆகிய மூவர். நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர்.

எங்கே கவனம் தேவை?

வானம், சுவர், முகம் போன்ற படங்களுக்கு ஜேபெக் பொருந்தும். எழுத்தின் கூர்மையான ஓரங்களுக்குப் பொருந்தாது. பக்கம் முழுவதையும் படமாக்கி மிகவும் சுருக்கினால் மெய்யெழுத்தின் புள்ளி மங்கிவிடும். ‘ன’வா ‘ண’வா என்பதும் தெரியாது. பிறகு அதில் பிழை திருத்துவது எப்படி?

அச்சகத்தாரிடம் கேட்க வேண்டியவை:

1. எழுத்துகள் எழுத்துகளாகவே இருக்கும் பி.டி.எஃப். கோப்பு வேண்டும். எழுத்துருவும் அதனுள் பொதிந்திருக்க வேண்டும். படங்களை மட்டும் 150 பிக்சலுக்குக் குறைத்து, நடுத்தர ஜேபெக் தரத்தில் சேமிக்கலாம்.

2. மூலையில் சிறிதாக வரும் படத்தை, தேவையான பகுதியை மட்டும் வெட்டி, அந்த அளவுக்குச் சிறிதாக்கி வைக்க வேண்டும்.

3. வாட்ஸ்அப்பில் ‘ஆவணம்’ என்றே அனுப்ப வேண்டும். படமாக அனுப்பினால் செயலி மீண்டும் சுருக்கும்.

4. கோப்பின் பெயரில் ‘மெய்ப்பு’ என்று இருக்கட்டும். அச்சுக்குச் செல்ல வேண்டியது 300 பிக்சல் மூலக்கோப்பே.

ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருங்கியவை என்பதால், அவற்றை ஜிப் செய்தால் அளவு அதிகம் குறையாது.

மெய்ப்பு வந்ததும் பெயர்ப் பட்டியலைப் பெரிதாக்கி, வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். பின்னர் ஒவ்வொரு மாணவரையும் தம் பெயரைத் தாமே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகே ஒப்புதல் கையெழுத்து.