பட்டாவும் பத்திரமும்: நிலச் சொற்களின் பொருள்

தமிழ்நாட்டில் நிலம் தொடர்பாகப் புழங்கும் சட்டச் சொற்கள் இரண்டு அலுவலகங்களைச் சேர்ந்தவை. பட்டா, சிட்டா, அடங்கல், பசலி, ஜமாபந்தி, புறம்போக்கு முதலியவை தாலுகா அலுவலகத்தின் சொற்கள். கிரயம், செட்டில்மெண்ட், விடுதலை, வில்லங்கம் முதலியவை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு உரியவை. நிலத்துக்கான வரியை யாரிடம் வசூலிப்பது என்ற கேள்விக்காகப் பிறந்தவை முதல் வகைச் சொற்கள். நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு விடை இரண்டாம் வகையில்தான் இருக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் நீதிமன்றப் படி ஏறிய குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு.

வரிச் சொற்களில் பழையது ஒன்று வாரம். விளைச்சலில் ஒருவருக்குச் சேரும் பங்கு அது. அரசுக்கோ அரசின் இடத்தில் நின்ற ஜமீன்தாருக்கோ போவது மேல்வாரம். உழுதவருக்கு உரியது குடிவாரம். கோயிலுக்கும் ஊழியக்காரர்களுக்கும் இனாம் (மானியம்) விட்டபோது மன்னர்களும் நவாபுகளும் பல இடங்களில் கொடுத்தது மேல்வாரத்தை மட்டுமே. அதாவது, நிலம் குடியானவரிடமே இருந்தது. அதிலிருந்து வரும் வரி மட்டும் கைமாறியது. வேறு சில இனாம்களில் இரண்டு வாரமும் சேர்ந்தே போயின. பழைய ஆவணத்தில் ‘இருவாரம்’ என்று இருந்தால் இதுதான் பொருள். எந்த இனாம் எந்த வகை என்று தீர்மானிக்கும் வழக்குகள் தலைமுறை தாண்டியும் நடந்தன. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் 1963-இல் வந்த இனாம் ஒழிப்புச் சட்டங்களும் இந்த நிலங்களை ரயத்துவாரி முறைக்குள் கொண்டுவந்தன.

ரயத்துவாரி என்பது இடையில் யாரும் இல்லாமல் ஒவ்வொரு குடியானவரிடமும் அரசே நேராக வரி வாங்கும் ஏற்பாடு. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதி (இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம்) கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தபோது அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் அங்கே அதைத் தொடங்கினார்கள். 1820-இல் மன்றோ சென்னை ஆளுநரான பிறகு, ஜமீன் அல்லாத பகுதிகளுக்கெல்லாம் அது பரவியது. வயல்தோறும் தனித்தனி வரி என்றால் வயல்தோறும் எண் வேண்டும், அளவு வேண்டும், மண்ணின் தரம் தெரிய வேண்டும். சர்வே எண், உட்பிரிவு, தரம், தீர்வை (நில வரி) ஆகிய சொற்கள் நிலைபெற்றது இப்படித்தான். பழைய பத்திரங்களில் வரும் பைமாஷ் எண் இந்த சர்வேக்கு முந்தைய அளவையைச் சேர்ந்தது.

நன்செய், புன்செய் என்பவையும் தீர்வைக்காக ஏற்பட்ட பிரிவுகளே. ஏரி, ஆறு, வாய்க்கால் போன்ற அரசுப் பாசனம் உள்ள நிலம் நன்செய். சொந்தக் கிணற்றில் இறைத்து மூன்று போகம் நெல் விளைவித்தாலும் பதிவேட்டில் அது புன்செய்தான். கண்ணெதிரே பச்சைப் பசேலென்று இருக்கும் நிலம் ஆவணத்தில் புன்செய் என்று இருந்தால் பதற வேண்டியதில்லை.

பட்டா என்பது, இன்ன சர்வே எண்ணில் இவ்வளவு பரப்புக்கு இவ்வளவு தீர்வை செலுத்த வேண்டியவர் இவர் என்று வருவாய்த் துறை ஒருவர் பெயருக்குக் கொடுக்கும் ஆவணம். ஒருவருக்கு அந்தக் கிராமத்தில் உள்ள நிலங்களையெல்லாம் பட்டா எண்வாரியாகக் காட்டுவது சிட்டா. எந்தப் புலத்தில் என்ன பயிர், யார் அனுபவம் என்று பசலி ஆண்டுதோறும் எழுதப்படுவது அடங்கல். கிராமக் கணக்கில் இதற்கு இரண்டாம் எண். இவற்றுக்கெல்லாம் அடிப்படை ‘அ’ பதிவேடு. ஒவ்வொரு சர்வே எண்ணின் பரப்பு, வகைப்பாடு, தீர்வை எல்லாம் அதில் இருக்கும். முன்பு கர்ணங்கள் (கிராமக் கணக்கர்கள்) வைத்திருந்த இந்தக் கணக்குகள், 1980-இல் அந்தப் பதவிகள் ஒழிக்கப்பட்டபின் கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தன.

பட்டாவில் பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. உச்ச நீதிமன்றம் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறது. அதற்காகப் பட்டாவை அலட்சியம் செய்வதும் தவறு. அனுபவத்தை நிறுவ அது வலுவான சான்று. பத்திரம் ஒருவர் பெயரிலும் பட்டா இன்னொருவர் பெயரிலும் கிடப்பது வம்பை விலைக்கு வாங்குவதுதான். கூட்டுப் பட்டாவில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். ஐந்து பேர் பெயர் இருக்கும்; யாருக்கு எந்த மூலை என்பது இருக்காது. உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கினால்தான் அது தெளியும்.

பசலி, முகலாயர் காலத்தில் வந்த வருவாய் ஆண்டு. ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1360-க்கான கிஸ்தி ரசீது என்றால் 1950 ஜூலை முதல் 1951 ஜூன் வரைக்கான வரித் தவணை. பசலி முடிவில் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்வதே ஜமாபந்தி. இப்போதைய பெயர் வருவாய்த் தீர்வாயம்.

தீர்வைக்கு உட்படாமல் பொதுப் பயனுக்கு ஒதுக்கப்பட்டது புறம்போக்கு: ஏரி, வாய்க்கால், வண்டிப்பாதை, களம், மயானம், மேய்க்கால். தரிசு வேறு; அது சாகுபடிக்கு யாருக்கும் கொடுக்கப்படாத அரசு நிலம். குடியிருப்புக்கென விடப்பட்டது நத்தம். புறம்போக்கில் குடியிருப்பவர்களுக்கு வரும் ‘பி மெமோ’வைப் பலர் பத்திரம் போலப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி ஆக்கிரமிப்பாளர் என்று குறித்து அனுப்பப்படும் அறிவிப்பு அது. நிலம் அரசுடையது என்பதற்கே அது சான்று.

உரிமையை மாற்றுபவை பத்திரங்கள். 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். விலை கொடுத்து வாங்கினால் கிரயம். பெற்றோர் பிள்ளைக்கு அன்பின் பேரில் எழுதுவது செட்டில்மெண்ட்; எழுதியவர் நினைத்தபோது தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது. உயில் அப்படியில்லை, எழுதியவர் உயிரோடிருக்கும்வரை மாற்றலாம், பதிவும் கட்டாயமில்லை. கூட்டுச் சொத்தில் தம் பங்கை மற்றப் பங்காளிக்கு விட்டுக்கொடுப்பது விடுதலை. கிரய ஒப்பந்தம், விற்கிறேன் என்ற வாக்குறுதி மட்டுமே. ‘பவர்’ (அதிகாரப் பத்திரம்) எழுதி வாங்கிக்கொள்வதாலும் நிலம் சொந்தமாகாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒத்தி, போக்கியம் இரண்டிலும் கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகச் சொத்தை அனுபவிப்பார். ஒத்தி எழுதி முப்பது வருடம் ஓடிவிட்டது, இனி நிலம் தமக்கே என்று சிலர் சொல்வதுண்டு. அனுபவ அடமானத்தில் காலம் கடந்ததால் மட்டும் நிலம் கடன் கொடுத்தவருக்குச் சொந்தமாவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தெளிவுபடுத்திவிட்டது.

வில்லங்கச் சான்று, குறிப்பிட்ட காலத்தில் அந்தச் சொத்தின் மீது பதிவான ஆவணங்களின் பட்டியல். பதிவு செய்யாத உயிலோ வாய்மொழிப் பாகப்பிரிவினையோ அதில் வராது. ஆகவே நிலம் வாங்குவோர் தாய்ப்பத்திரம் (விற்பவருக்கு உரிமை வந்த முந்தைய பத்திரம்), வில்லங்கச் சான்று, பட்டா, ‘அ’ பதிவேடு நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெயரிலோ பரப்பிலோ சர்வே எண்ணிலோ ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்றால், காரணம் தெரியும்வரை முன்பணம் கொடுக்கக் கூடாது.